கார்டு வேனைக் குளிப்பாட்டிய கதை

போன மாதம் கழக்கூட்டம் என்ற ஊருக்குப் போயிருந்தேன். நான் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த மாடல் பட்டறை இப்போது அங்கேதான் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அணைக்கட்டு, கப்பல், ஆஸ்பத்திரிக் கட்டடம், ரயில் என்று எதைக் கேட்டாலும் சின்னதாகச் செய்து கொடுக்கிற பட்டறை. கரமனையில் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் ஐந்து பேராக இருந்தபோதும் இதே வேலைதான். அங்கே இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு ஒரு திரையைக் காட்டினார்கள். அதில் பளபளவென்று ஒரு சரக்கு வேகன். ஒரு பெண் பட்டனை அமுக்கினாள். வேகன் பூராவும் துரு ஏறிவிட்டது.

"பாத்தீங்களா சேச்சி, ரெண்டே செகண்டு. நீங்க அதெல்லாம் கையால எப்படிப் பண்ணினீங்க?"

எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டன் அந்தக் காலத்தில் கிடைத்திருந்தால் அதைக் கட்டிக்கொண்டு தூங்கியிருப்பேன். ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. கூரையிலும் அதே துரு, சக்கரத்திலும் அதே துரு. "மழை எந்தப் பக்கமாட்டு அடிச்சுது மக்கா?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். மற்றவர்கள் சிரித்துவிட்டு, முன்பு ஒருமுறை நான் சொன்ன ரயில் பெட்டி விஷயத்தை எழுதித் தந்தால்தான் டீ என்று பிடித்துக்கொண்டார்கள். டீக்காக எழுதுகிறேன். நான் பாறசாலைக்காரி. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், வீட்டில் பேசியது தமிழ், எழுத்துத் தமிழ் சர்ச்சின் ஞாயிறு வகுப்பில் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை கற்ற கதையை நீட்ட மாட்டேன். பாலிடெக்னிக்கில் வரைபடம் படித்தேன், வேலை கிடைக்கவில்லை, மாமா ஒருவர் மணி சாரிடம் கொண்டுவந்து விட்டார். முதல் இரண்டு வருஷம் வெட்டினேன், தேய்த்தேன், விரலை ஒட்டிக்கொண்டேன். அவ்வளவுதான்.

மணி சாரைப் பற்றி நீட்டத்தான் வேண்டும். கரமனை அக்ரஹாரத்துக்காரர், பட்டறையின் முதலாளியும் அவர்தான். சட்டைப் பையில் நூல் கட்டிய ஒரு பூதக்கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது தப்புச் செய்தால் அந்தப் பொருளை வாங்கி, கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்து, "பாத்தியோ?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பார். நிஜப் பொருளைப் போய்ப் பார்த்தாயா என்று அர்த்தம். இல்லை என்றால் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பிவிடுவார். நான் முதன்முதலில் பெயிண்டால் பழசாக்கியது ஒரு துறைமுகத்துக் கிரேன் மாடல். மேலிருந்து கீழ்வரை பழுப்பு அடித்து, பிரமாதம் என்று நினைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். "இது பழசானதில்லை ஜெயராணி, காய்ச்சல் வந்து கெடக்கறதாக்கும்" என்றார். மறுநாள் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கொளுத்தும் வெயிலில் நின்று ஒரு துருப்பிடித்த கம்பத்தை நான் மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்காரிகள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு இந்த வேலையின் மேல் பித்துப் பிடித்தது. துரு ஓர் இடத்தில் தொடங்குகிறது, ஒரு வழியில் இறங்குகிறது, ஓர் இடத்தில் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அதன் பிறகு பாறசாலை பாசஞ்சரில் தினமும் வந்துபோகிற எனக்கு எதிர்ப் பாதையில் நிற்கிற வண்டியெல்லாம் பாடப்புத்தகம் ஆகிவிட்டது. பக்கத்தில் இருப்பவள் கல்யாண விஷயம் பேசுவாள், நான் அந்த வேகனின் கதவுக் கீலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பழைய மாடல்களைப் புதுப்பித்துத் தரும் வேலையும் எங்களுக்கு வரும். அதற்கு சார் ஒரு முறை வைத்திருந்தார். பொருள் உள்ளே வந்ததும் முதலில் அட்டை. நாலு பக்கத்தையும் ஓர் அட்டையில் வரைய வேண்டும், கீறல், கறை, ஒட்டு, ஒன்று விடாமல். அடுத்தது குளி. இளஞ்சூட்டு நீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு மெல்லிய பல் பிரஷால் கழுவ வேண்டும். கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு போனால்தான் புதுப் பெயிண்ட் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் பிரித்து வேலை. சார் பார்க்காதபோது நாங்கள் எல்லாரும் இதில் ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்வோம். குளி முதலில், அட்டை பிறகு. அழுக்கு போன பிறகு வரைவது சுலபம், கையும் கறுப்பாகாது. பத்து வருஷமாக அதனால் ஒரு கேடும் வந்ததில்லை. என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் சாலை என்கிற கடைத்தெருவிலிருந்து அண்ணாச்சி வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், சொந்த ஊர் செங்கோட்டை. ஆணி, ஸ்க்ரூ எல்லாம் நாங்கள் அவரிடம்தான் வாங்குவோம். கடைக்கு மேலே கிடங்கில் பாதி இடத்தை ஒதுக்கி, செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மீட்டர்கேஜ் பாதையை மரப்பலகை மேல் சின்னதாக அமைத்திருந்தார். சுரங்கம், வளைவுப் பாலம், ஸ்டேஷன் எல்லாம் உண்டு. அவர் மனைவி அந்தக் கிடங்கைச் சக்களத்தி வீடு என்றுதான் சொல்லுவார்.

அன்றைக்கு அண்ணாச்சி ஒரு துவர்த்துத் துண்டுக்குள் சுற்றி எதையோ கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பிரித்தால் நாலு சக்கர கார்டு வேன். சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு உட்கார்ந்து வருவாரே, அந்தப் பெட்டி. வெளிநாட்டு மாடல், உள்ளங்கை நீளம், கரும்பழுப்பு நிறம்.

"போனக்காட்டுல ஒரு எஸ்டேட் பங்களாவக் காலி பண்ணும்போது நான் வாங்குனது. எங்க அண்ணன் இந்த லைன்ல கூட்ஸ் கார்டா இருந்தான், அவனுக்குக் குடுத்தேன். அலமாரியில வச்சு அழகு பாத்தான். போன வருசம் அவன் தவறிட்டான். இப்பம் மதினி, உங்க லைன்லயே ஓடட்டும்னு என்கிட்ட குடுத்துவிட்டுருக்காவ" என்றார் அண்ணாச்சி.

"என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"நம்ம லைன் வண்டியா ஆக்கணும். புனலூர்ல நின்னா எந்தக் கோலத்துல நிக்குமோ அந்தக் கோலம். அடுத்த மாசம் மதினி வாராவ. அவுகளுக்கு முன்னால அண்ணன் வண்டிய ஓட்டிக் காட்டணும். அவன் போனப்ப நான் வடக்க சரக்கு எடுக்கப் போயிருந்தேன்மா, முகத்தக்கூடப் பாக்கல்ல. இதாவது செய்யணும்."

அவர் போனதும் எனக்குக் கை பரபரவென்றது. ரயில் வேலை எப்போதாவதுதான் வரும், அதிலும் கார்டு வேன்! சார் வெளியே போயிருந்தார். அட்டை கிடக்கட்டும் என்று நேராகக் கிண்ணத்தில் வெந்நீர் எடுத்துக் குளிப்பாட்டத் தொடங்கினேன். பாட்டுக்கூடப் பாடிக்கொண்டிருந்ததாக ஞாபகம். ஒரு பக்கம் முடித்துத் திருப்பினேன். ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ கோடு. சுண்ணாம்புப் பொட்டு என்று நினைத்து பிரஷை இரண்டு முறை ஓட்டினேன். நீரில் வெள்ளை கரைந்தது. பெட்டியில் மிச்சமிருந்த கடைசி நுனி ஒரு எழுத்தின் வால் போல வளைந்திருந்தது. அது என்ன என்று எனக்குப் புரிந்தபோது அதுவும் போய்விட்டது.

சரக்குப் பெட்டிகளின் பக்கவாட்டில் யார்டுக்காரர்கள் சாக்பீஸால் நம்பர் எழுதுவதை தினமும் பார்க்கிறவள் நான். இந்தச் சின்னப் பெட்டியில் அண்ணாச்சியின் அண்ணன் பொடி எழுத்தில் எதையோ எழுதி வைத்திருக்கிறார். செத்துப்போன மனுஷனின் கையெழுத்தை சோப்புப் போட்டுக் கழுவி ஊற்றிவிட்டேன். என்ன எழுதியிருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

சார் வந்ததும் சொன்னேன். "சார், ஒரு பெரிய தப்பு செஞ்சு போட்டேன்."

அவர் பெட்டியை வாங்கினார். கண்ணாடியை வைத்து அந்த இடத்தைப் பார்த்தார். வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "அட்டை எங்கே?" என்றார். இல்லை என்றேன். "எல்லாரும் இப்படித்தான் பண்றேளோ?" என்றார். ஆளாளுக்கு எங்கள் மேஜைக்கு நகர்ந்தோம். அவர் ஒரு வெற்று அட்டையை எடுத்து, 'குளிக்கு முன் வரையவில்லை, கவனிக்காதது என் தப்பு' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு பெட்டியோடு கட்டினார். திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இது என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

"அண்ணாச்சிகிட்ட நீயாக்கும் சொல்லணும். எப்போ சொல்றதுன்னு நீயே வச்சுக்கோ. ஆனா சொல்லாம வண்டி கைமாறப்படாது, கேட்டியோ" என்றார்.

வேலையையாவது யாரும் செய்யாத மாதிரி செய்கிறேன் என்று வெறி வந்தது. அண்ணாச்சிக்குத் தெரிந்த ரயில்வே ஆள் ஒருவரின் அனுமதியோடு கொல்லத்துக்குப் போனேன். மீட்டர்கேஜ் யார்டின் ஓரத்தில் ஒரு கார்டு வேன் நின்றது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன், கீழே குனிந்து பார்த்தேன், ஏறிப் பார்த்தேன். என்னென்னவெல்லாம் இருந்தது தெரியுமா? பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் அடிப்பாகம் முழுதும் மங்கலான காவியாகப் படிந்து, மேலே போகப்போகக் குறைந்தது. ஏறும் படியின் நடுப்பாகத்தில் மட்டும் பெயிண்ட் போய் மரம் வெளுத்திருந்தது. கைப்பிடிக் கம்பியில் கை பிடிக்கும் உயரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு வெள்ளியாக மின்னியது. மழை வாங்கும் பக்கத்தில் பலகை இடுக்குகளில் பாசி. எல்லாவற்றையும்விட என்னைத் துள்ள வைத்தது ஜன்னல். அதன் கீழ்ச்சட்டத்தில் ஒரு முழங்கை அகலத்துக்கு அழுக்கே இல்லை. யோசித்தால், கார்டு அங்கே கையை ஊன்றித்தான் வெளியே எட்டிப் பார்ப்பார். வருஷக்கணக்காக அவர் சட்டைக் கை துடைத்துத் துடைத்துச் சுத்தமான இடம் அது.

பாறசாலை போகும் வண்டியில் உட்கார்ந்து அத்தனையையும் நோட்டில் வரைந்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி நாகர்கோவில் போய் இறங்கினேன்.

மூன்று வாரம் வேலை. பிளாஸ்டிக் சக்கரத்தை எறிந்துவிட்டு உலோகச் சக்கரம் போட்டேன். தரைக்கடியில் அண்ணாச்சி கடை நட்டு நாலை ஒட்டினேன், கனம் இருந்தால்தான் வளைவில் குதிக்காது. உடைந்த கைப்பிடிக்குப் பித்தளைக் கம்பியை வளைத்தேன். ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிப் படி. பின்விளக்குக்குப் பாசிமணி, அதில் என் நகப்பூச்சு ஒரு துளி. உள்ளே கார்டுக்கு ஒரு ஸ்டூல், கீழே அவர் பெட்டி. யாரும் பார்க்க முடியாது, இருந்தாலும் வைத்தேன்.

பிறகு அழுக்கு. கறுப்பு ஒரு துளி, மண்நிறம் இரண்டு துளி, மீதி டர்பன்டைன். பெட்டி முழுக்கப் பூசி, காய்வதற்குள் துணியால் மேலிருந்து கீழாக மட்டும் துடைக்க வேண்டும். பக்கவாட்டில் ஒருமுறை துடைத்தாலும் போச்சு, மழை படுத்துக்கொண்டு பெய்த மாதிரி ஆகிவிடும். கொல்லத்திலிருந்து பொட்டலம் கட்டி வந்த நிஜத் தூசியை ஒட்டிப் பார்த்தேன், இந்தச் சின்னப் பெட்டியில் அது கூழாங்கல் மாதிரி தெரிந்தது. ஆகவே கலர்ச் சாக்பீஸை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, பிரேக் தூளை அப்படி வரவழைத்தேன். கைப்பிடி மினுக்குக்குப் பென்சில் முனை. சக்கரத்தின் அச்சுப் பெட்டியில் எண்ணெய்க் கசிவுக்குப் பளபளப்புக் கறுப்பில் ஒரு பொட்டு. கடைசியாக ஈரப் பஞ்சால் ஜன்னல் சட்டத்தில் ஒரு முழங்கை இடத்தை மட்டும் சுத்தம் செய்தேன். செய்து தூரத் தள்ளி வைத்துப் பார்த்ததும் எனக்கே புல்லரித்தது. உள்ளே ஆள் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சபலம் வந்தது. வெள்ளைப் பென்சிலை ஊசியாகச் சீவி, கொல்லத்தில் பார்த்த எழுத்தைப் போல ஒரு வேஸ்ட் பலகையில் எழுதிப் பார்த்தேன். வண்டி நம்பர், ஊர், நேரம். மேலே லேசாக விரலால் தேய்த்தேன். அச்சு அசல். ஒரே நிமிஷ வேலை, பெட்டியில் எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பின்னால் சார் நிற்பது எனக்குத் தெரியவில்லை.

"நன்னாருக்கு" என்றார். பலகையை எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தார். "அழுக்கு மழையோடது, மண்ணோடது. அதை நாம பண்ணலாம், அதுக்குத்தான் சம்பளம். எழுத்து ஒரு மனுஷனோடது. அதை நாம பண்ணப்படாது ஜெயராணி."

பலகையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அதை இரண்டாக ஒடித்துக் குப்பையில் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பெட்டியைப் பஞ்சில் வைத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பழகினேன். அண்ணாச்சி தனியாக இருக்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று கணக்கு. கிடங்கு மாடியில் ஏறினால் மதினி முன்தினமே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒல்லியான மனுஷி, வெளிர்நீலச் சேலை, மடியில் கண்ணாடிக் கூடு.

அண்ணாச்சி பெட்டியைக் கையில் வாங்கினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். திருப்பினார், மறுபடி திருப்பினார். "மதினி, இங்க பாருங்க, படி தேஞ்சிருக்கு. கம்பியப் பாருங்க. ஏ அம்மா ஜெயராணி, இது புனலூர்லருந்து நேரா வந்த வண்டியில்லா" என்று கூத்தாடினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கும் உள்ளே பொங்கியது. அவர் பெட்டியைத் தண்டவாளத்தில் வைக்கக் குனிந்தார். சொல்லாமல் கைமாறக் கூடாது.

"அண்ணாச்சி, ஓட்டும் முன்னால ஒண்ணு சொல்லணும். வந்த அன்னைக்கு நான் இதக் கழுவுனேன். ஜன்னலுக்குக் கீழ சாக்பீஸுல எழுத்து இருந்துது. உங்க அண்ணன் எழுதுனது. நான் பாக்காம அழிச்சுப் போட்டேன்."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "எழுத்தா? நான் பாக்கலியே. துவர்த்தோட அப்படியேல்லா கொண்டுவந்தேன். என்ன எழுதியிருந்தான்?"

"தெரியாது அண்ணாச்சி."

"ஒரு எழுத்துகூடவா?"

"தெரியாது."

அவர் முகம் விழுந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு இப்படி ஒரு நஷ்டம் நடந்ததே தெரிந்திருக்காது. உண்மையைச் சொல்லி அதை நான்தான் அவர் கையில் வைத்தேன். சாரின் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. பெட்டியைப் பிடித்தபடியே அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மதினிதான் பேசினார். "கதவுக்கு இந்தப் பக்கம், ஜன்னலுக்குக் கீழயா?"

"ஆமாம்மா."

"டூட்டிக்குக் கிளம்பும்போது அதுல வண்டி நம்பரும் நேரமும் எழுதுவாக. சின்னப் புள்ள வெளையாட்டா இருக்கேன்னு நான் கேலி பண்ணுவேன். திரும்பி வந்ததும் சட்டையக் கழத்தும் முன்னால ஈரத்துணிய எடுத்துத் துடைச்சிருவாக. துடைச்சாத்தான் டூட்டி முடிஞ்சு வீடு வந்ததா கணக்கு" என்றார். "கடைசியா எழுதிட்டுப் போனவுக, புனலூர்ல கார்டுமாரு தங்குற ரூம்ல நெஞ்சு வலிக்குன்னு படுத்தாக, எந்திரிக்கல்ல. அந்த எழுத்து அப்படியே நின்னுட்டுது. எனக்குத் துடைக்கக் கை வரல்ல. அலமாரியத் தொறக்கும்போதெல்லாம் இன்னும் டூட்டியில இருக்காகன்னே தோணும். ஒரு வருசம் பாத்தேன். முடியல்ல. அதான் தம்பிகிட்ட குடுத்துவிட்டேன்."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். மதினி கையை நீட்டி அவரிடமிருந்து பெட்டியை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே அந்த வெறும் இடத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"நல்லாத் துடைச்சிட்டியாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாம்மா. வெந்நீர்ல."

"அப்பம் வீட்டுக்கு வந்துட்டாகன்னு ஆச்சு" என்றார்.

பெட்டியை அவரே தண்டவாளத்தில் வைத்தார். சக்கரம் சரியாக உட்காரும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, "வண்டிய விடுங்க தம்பி" என்றார்.